‘ஆயிற்று’ என்று யார் சொல்வது?

சிதம்பரத்தில் பொறியியல் மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கலந்திருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



கிளாக் இல்லாத டிஜிட்டல் சர்க்யூட்டுகளைப் பிசகாமல் இயங்கும்படி வடிவமைப்பது எப்படி என்பது இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. ‘இது எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கான சமாச்சாரம், நாம் ஏன் வந்தோம்’ என்று பின்வரிசையில் யாராவது நினைத்தால், எழுந்து போய்விட வேண்டாம். இந்த வகை சர்க்யூட் ஒன்றை நீங்கள் தினமும் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சிதம்பரம் ஊருக்கும் அண்ணாமலைநகருக்கும் நடுவே போகிற ரயில் பாதை அது. அதன் சிக்னல், பாயிண்ட், கேட் எல்லாம் சேர்ந்தது கிளாக் இல்லாத ஒரு பெரிய சர்க்யூட். ஆகவே இன்று சிப்பையும் ரயிலையும் சேர்த்தே பேசப் போகிறேன்.

அதே பாதையில், 2025 ஜூலை 8ஆம் தேதி காலை, கடலூரை அடுத்த செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். யார் பக்கம் தவறு என்று பேச நான் வரவில்லை. அதற்கு விசாரணை இருக்கிறது, சட்டம் இருக்கிறது. பொறியாளனாக என் கண்ணில் பட்டது வேறு. அந்த கேட் அப்போது இன்டர்லாக் செய்யப்படாத, அதாவது சிக்னலோடு பூட்டி இணைக்காத கேட். அப்படிப்பட்ட கேட்டில் ரயில் வருகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வார். கேட்டை மூடிவிட்டேன் என்று கேட் கீப்பர் போனிலேயே சொல்வார். அதற்கு அடையாளமாகத் தன்னிடம் உள்ள தாளிலிருந்து பிரைவேட் நம்பர் ஒன்றைக் கொடுப்பார். ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். இந்த ஏற்பாட்டில் ‘ஆயிற்று’ என்ற தகவல் புறப்படுவது மனிதரின் வாயிலிருந்து. கேட்டின் தடுப்புக் கம்பத்துக்கு அந்தத் தகவலில் எந்தப் பங்கும் இல்லை. கம்பம் மேலே நின்றாலும் கீழே இறங்கினாலும் பதிவேட்டில் ஏறுவது ஒரே எண்தான்.

இன்டர்லாக் செய்த கேட்டில் நடப்பது வேறு. தடுப்பு இறங்கிப் பூட்டினால்தான் சாவி வெளியே வரும். சாவி வந்தால்தான் சிக்னல் விழும், அதாவது ரயிலுக்கு வழி கிடைக்கும். சிக்னல் விழுந்துவிட்டால், ரயில் தாண்டும்வரை கேட்டைத் திறக்க முடியாது. இங்கே ‘ஆயிற்று’ என்று சொல்வது அந்தக் காரியமேதான். நான் இன்று சொல்ல வந்ததும் இந்த ஒன்றைத்தான்: ஒரு வேலை முடிந்தது என்பதை அந்த வேலையே சொல்லும்படி கட்ட வேண்டும். ஊகமோ, வாக்கோ, கடிகாரமோ அதற்காகப் பேசக் கூடாது. கிளாக் இல்லாத சர்க்யூட் துறையில் 70 ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சியின் சாரம் இதுதான்.

முதலில் கிளாக் உள்ள சர்க்யூட். உங்கள் செல்போன், கம்ப்யூட்டர் எல்லாம் அந்த வகை. அது எப்படி ஓடுகிறது என்றால், கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒன்றாக எழ வேண்டும். பாயசத்தை நிதானமாகச் சாப்பிடும் தாத்தா ஒருவர் இருந்தால், அவர் முடிக்கும் நேரம்தான் பந்தியின் நேரம். ரசத்தோடு எழத் தயாரான பையனும் அதுவரை இலை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கிளாக்கின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு பந்தி. சிப்புக்குள் இருக்கும் எந்தக் கணக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே பார்த்து, அதிகம் பிடிக்கும் கணக்கை எடுத்து, அதற்கு மேலும் கொஞ்சம் கூட்டி, ‘இந்த நேரத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும்’ என்று வைத்துக்கொள்கிறோம். முடிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நேரம் ஆயிற்று, அதனால் வேலையும் ஆயிற்று என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதில் வீணாவது எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு 64 பிட் எண்களைக் கூட்டுகிறோம். ஒரு ஓரத்தில் பிறந்த மிச்சம், அதாவது கேரி, மறு ஓரம்வரை 64 இடமும் ஓடுவது மிக அபூர்வம். 1946லேயே கம்ப்யூட்டர் முன்னோடிகளான பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன், வான் நியூமன் மூவரும் இதைக் கணக்குப் போட்டுவிட்டார்கள். கண்டபடி எடுத்த எண்களாக இருந்தால், மிச்சத்தின் நீண்ட ஓட்டம் சராசரியாக எண்ணின் நீளத்துக்கு 2ஐ அடிமானமாக வைத்து எடுத்த மடக்கையைத் தாண்டாது. 64 பிட்டுக்கு அது 6. ஆறு இடத்தில் முடிகிற வேலைக்கு 64 இடத்து நேரம் காத்திருக்கிறோம். வேகமாகக் கூட்டப் பல உத்திகள் பிற்பாடு வந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் மோசமான நிலைமைக்கு எல்லோரும் காத்திருப்பது என்ற ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு சங்கடம், அந்த மோசமான நிலைமை எது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஏ.சி. அறையில் 25 டிகிரியில் ஓடும் சிப் ஒன்று. சித்திரை வெயிலில், கடலூர் துறைமுகத்துப் பக்கம், தகரப் பெட்டிக்குள் 60, 70 டிகிரியில் ஓடும் அதே சிப் வேறொன்று. சூடு ஏறினால் டிரான்சிஸ்டர் பொதுவாகத் தளரும். மின்னழுத்தம் குறைந்தாலும் தளரும். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு சிப்புகளுக்குள்ளேயே வேகம் வித்தியாசப்படும். கிளாக் மட்டும் தன் வேகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். தாமதம் கிளாக்கைத் தாண்டிய நொடியில் தப்பான விடை, சரியான விடையின் முகத்தோடு, அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். சர்க்யூட் நிற்பதில்லை, முனகுவதும் இல்லை. எனக்குப் பயம் தருவது அந்த மௌனம்தான்.

இனி கிளாக்கை எடுத்துவிடுவோம். எடுத்துவிட்டால், அடுத்தவன் எப்போது தொடங்குவது? இதற்கு நம் ரயில்வே கையாண்ட பழைய விடை ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும்: பிரம்பு வளையத்தில் தோல் பையைக் கட்டி, ஓடும் என்ஜினிலிருந்து டிரைவரும் பிளாட்ஃபாரத்தில் நிற்பவரும் மாற்றிக்கொள்வார்கள். அந்தப் பைக்குள் இருக்கும் உலோகப் பந்துதான் டோக்கன். ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்க வேண்டும். அதற்காக இரண்டு ஸ்டேஷனிலும் நீல்ஸ் டோக்கன் கருவி ஒவ்வொன்று இருக்கும். கம்பி வழியே இரண்டும் இணைந்திருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே ஒரு பந்துதான் வெளியே வர முடியும்.

அந்தக் கருவியின் கைப்பிடிக்கு மூன்று நிலை. பாதை மூடியிருக்கிறது என்பது ஒன்று. ரயில் அங்கே போகிறது என்பது இன்னொன்று. ரயில் அங்கிருந்து வருகிறது என்பது மூன்றாவது. மாணவர்களே, மூன்று நிலை உள்ள ஸ்டேட் மெஷின் உங்கள் முன்னால் நிற்கிறது! அனுப்புகிற ஸ்டேஷன் மணியடித்துக் கேட்கும். இது கோரிக்கை. எதிர் ஸ்டேஷன் சம்மதித்துத் தன் கைப்பிடியை ‘வருகிறது’ பக்கம் திருப்பும். இது ஒப்புதல். அதற்குப் பிறகுதான் இங்கே கைப்பிடி ‘போகிறது’ பக்கம் திரும்பும், பந்து கையில் விழும். ரயில் போய்ச் சேர்ந்து, அதே பந்து எதிர்க் கருவிக்குள் விழுந்து, இருவரும் ஒத்துழைத்தால்தான் இரண்டு கைப்பிடியும் பழைய நிலைக்குத் திரும்பும். அதுவரை அடுத்த ரயில் கிடையாது. பக்கத்து செக்ஷன் பந்தைக் கொண்டுவந்து போட்டு ஏமாற்றவும் முடியாது. அடுத்தடுத்த செக்ஷன்களின் பந்துக்கு வார்ப்பு வேறு, உள்ளே நுழையாது.

இதை சர்க்யூட்டுக்குள் கொண்டுவந்தால் நான்கு கட்டக் கைகுலுக்கல். கோரிக்கைக் கம்பி ஏறுகிறது, ஒப்புதல் கம்பி ஏறுகிறது, கோரிக்கை இறங்குகிறது, ஒப்புதல் இறங்குகிறது. நான்கும் இந்த வரிசையில்தான். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைப் பார்த்த பிறகே நடக்கிறது. கம்பி நீளமாக இருக்கலாம், குட்டையாக இருக்கலாம். நடுவில் இருப்பது ஆலப்பாக்கமோ கொள்ளிடமோ, தூரம் கூடினால் நேரம் கூடும், வரிசை கலையாது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ரயில் வந்துவிட்டது சரி. முழு ரயிலும் வந்ததா? நடுவழியில் கொக்கி அறுந்து நான்கு பெட்டி பின்னால் நின்றுவிட்டால்? இதற்காகத்தான் கடைசிப் பெட்டியின் பின்னால் எல்.வி. என்ற பலகையைத் தொங்கவிடுகிறார்கள், இரவில் சிவப்பு விளக்கு. ஸ்டேஷன் ஊழியர் அதைக் கண்ணால் பார்த்த பிறகே ரயில் முழுதாக வந்தது என்று கணக்கு. இப்போது அந்த வேலையை ஆக்ஸில் கவுண்டர் செய்கிறது. உள்ளே போன சக்கர அச்சுகளை எண்ணி, வெளியே வந்தவற்றைக் கழித்து, பூஜ்யம் வந்தால்தான் பாதை காலி.

சிப்புக்குள் எல்.வி. பலகையை எங்கே மாட்டுவது? இங்கேதான் இந்தத் துறையின் அழகான யோசனை வருகிறது. சாதாரணமாக ஒரு பிட்டுக்கு ஒரு கம்பி. அது 0வில் நின்றால், விடையே 0தானா, இல்லை விடை இன்னும் வரவில்லையா என்று தெரியாது. ஆகவே ஒரு பிட்டுக்கு இரண்டு கம்பி கொடுக்கிறார்கள். இரண்டும் 0 என்றால் இன்னும் வரவில்லை. முதல் கம்பி ஏறினால் விடை 0. இரண்டாம் கம்பி ஏறினால் விடை 1. இரண்டும் சேர்ந்து ஏறினால் ஏதோ கெட்டுவிட்டது. ஒவ்வொரு பிட்டிலும் ஏதாவது ஒரு கம்பி ஏறிவிட்டால் விடை முழுதாக வந்துவிட்டது என்று அர்த்தம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தரவே தன் வாயால் சொல்கிறது. ஆறு இடத்தில் கூட்டல் முடிந்தால் ஆறு இடத்து நேரத்தில் சொல்லும், 64 இடம் ஓடினால் அப்போது சொல்லும். இதில் ஒரு வேடிக்கை, தலைகீழாக்கும் இன்வெர்ட்டருக்கு லாஜிக் கேட்டே தேவையில்லை. இரண்டு கம்பியையும் இடம் மாற்றிக் கொடுத்தால் போதும், 0 என்பது 1 ஆகிவிடும்.

இத்தனை பிட்டும் வந்துவிட்டதா என்று திரட்டிச் சொல்ல ஒரு உறுப்பு வேண்டும். அதுதான் சி-எலிமென்ட். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேவிட் மல்லர் 1950களில் கொடுத்தது. அதன் நடத்தை ரொம்ப எளிது. உள்ளீடு எல்லாம் 1 ஆனால் வெளியீடு 1. எல்லாம் 0 ஆனால் வெளியீடு 0. இரண்டும் கெட்டான் நிலையில் பழையதை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆண்ட் கேட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். எல்லோரும் ஏறியதை ஆண்ட் கேட் அறியும். அடுத்த விடைக்கு முன் எல்லோரும் இறங்கியதை அதனால் அறிய முடியாது, ஒருவர் இறங்கினாலே அதுவும் இறங்கிவிடும். போவதையும் முழுதாகப் பார்த்து, வருவதையும் முழுதாகப் பார்க்கும் பொறுமை சி-எலிமென்ட்டுக்குத்தான் உண்டு.

இரட்டைக் கம்பியில் இன்னொரு குணமும் இருக்கிறது: பேச்சு இல்லை என்றால் ‘பொறு’ என்று அர்த்தம். இதையும் ரயில்வே வெகுகாலம் முன்பே பிடித்துவிட்டது. 1872ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் காப்புரிமை வாங்கிய மூடிய டிராக் சர்க்யூட்டில், தண்டவாளம் வழியாக எப்போதும் மின்சாரம் ஓடி ஒரு ரிலேயை, அதாவது மின்காந்த சுவிட்சை, தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் ஏறினால் சக்கர அச்சு அந்த மின்சாரத்தைக் குறுக்கே இழுத்துக்கொள்ளும், ரிலே கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். ரயிலே வராமல் கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும், தண்டவாளம் முழுதாக உடைந்து மின்சாரம் தடைப்பட்டாலும் ரிலே விழும், சிவப்புதான். தானே புயல் மாதிரி ஒன்று அடித்து ஊரே இருண்டாலும் பச்சை எரியாது. பச்சைக்குத்தான் ரிலேயைத் தூக்கிப் பிடிக்கும் மின்சாரம் வேண்டும், ரிலே விழுவதற்கு ஒன்றும் வேண்டாம். ‘ஆயிற்று’ என்பதற்குச் சான்று கேள், ‘ஆகவில்லை’ என்பதற்குக் கேட்காதே. சிப் வடிவமைப்புக்கும் இதே விதிதான்.

அடுத்தது சிலுப்பல். கிளிட்ச், ஹஸார்ட் என்று பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். உதாரணத்துக்கு ஒரு மல்டிபிளெக்ஸர். தேர்வுக் கம்பி 1 என்றால் ஒரு உள்ளீட்டையும், 0 என்றால் மற்றதையும் வெளியே விடும். இரண்டு உள்ளீடும் 1 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தேர்வு மாறினாலும் வெளியீடு 1 ஆகவே இருக்க வேண்டும். ஆனால் தேர்வுக் கம்பி இறங்கும்போது முதல் ஆண்ட் கேட் மூடிவிடும், இன்வெர்ட்டரைத் தாண்டி வரவேண்டிய இரண்டாவது ஆண்ட் கேட் இன்னும் திறந்திருக்காது. அந்த இடைவெளியில் வெளியீடு ஒரு கணம் 0 ஆகி மீளும். கிளாக் உள்ள சர்க்யூட்டில் இதை யாரும் பார்ப்பதில்லை, துடிப்பு வருவதற்குள் அடங்கிவிடும். கிளாக் இல்லாத இடத்தில் ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் ஒரு செய்தி. இந்தச் சிலுப்பலும் செய்தியாகவே படிக்கப்படும். மருந்து எளியது: இரண்டு உள்ளீட்டையும் நேராகச் சேர்க்கும் மூன்றாவது ஆண்ட் கேட் ஒன்றைப் போடுங்கள். கார்னாஃப் வரைபடத்தில் சுருக்கி மார்க் வாங்கிய மாணவன் அதை ‘தேவையில்லாதது’ என்று அடித்திருப்பான். இங்கே அது தேவை. சிக்கனம் பிடித்தவன் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

இந்தக் கணக்குகளை எல்லாம் முதலில் போட்டவர்கள் ரிலேயை வைத்துத்தான் போட்டார்கள். டேவிட் ஹஃப்மன் 1954ல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் சீக்வென்ஷியல் (தொடர்நிலை) சர்க்யூட்டுகளின் ஒழுங்கான வடிவமைப்பு முறை தொடங்குகிறது. ரிலேயில் இது கண்ணுக்கே தெரியும். ரிலே கீழிருந்து மேலே எழும்போது, கீழ்த் தொடர்பை விட்டுவிட்டு, மேல் தொடர்பைத் தொடும்வரை எங்கும் தொடாமல் நடுவானில் நிற்கிறது. அந்த நடுவானத்தை நினைத்துக் கட்டாத சர்க்யூட் என்றைக்காவது காலை வாரிவிடும்.

சிக்னல் துறையில் இருப்பவர்கள் ரிலேயை இரண்டு ஜாதியாகப் பிரிப்பார்கள். ஒன்றில் தொடர்பின் ஒரு முகம் உலோகம், மறுமுகம் கரி. கரியும் உலோகமும் உருகி ஒட்டாது, ரிலே தன் எடையிலேயே விழும். நமது கியூ வகை ரிலேக்கள் இப்படிப்பட்டவை. அது விழுந்ததா என்று சர்க்யூட்டில் தனியாகச் சரிபார்க்க வேண்டியதில்லை. மற்றது உலோகத்தோடு உலோகம், கே-50 மாதிரி. அது தீப்பொறியில் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆகவே அதை நம்புவதில்லை. அது விழுந்துவிட்டது என்பதை அதன் கீழ்த் தொடர்பு வழியாக மின்சாரம் ஓடிக் காட்டினால்தான் அடுத்த காரியம் நகரும். இதைத்தான் ‘புரூவ்’ பண்ணுவது என்பார்கள். ‘விழச் சொன்னேன்’ என்பது வேறு, ‘விழுந்தது’ என்பது வேறு. சிக்னல் துறையில் முதல் ஆண்டே மண்டையில் ஏற்றுகிற இந்தப் பாடத்தை, சிப் வடிவமைப்பவர்களும் ஒரு ஆண்டு உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம்.

இப்படி எல்லாக் கம்பியையும், எல்லா உறுப்பையும் சரிபார்த்துவிட்டால் தாமதத்தைப் பற்றிய கவலையே இல்லாத சர்க்யூட் கிடைத்துவிடுமா? ஆசை அதுதான். 1990ல் கால்டெக்கில் அலைன் மார்ட்டின் அந்த ஆசைக்கு எல்லை கட்டினார். எந்தத் தாமதத்தைப் பற்றியும் எதையும் அனுமானிக்காமல், ஒற்றை வெளியீடு உள்ள சாதாரண லாஜிக் கேட்டுகளைக் கொண்டு கட்டக்கூடிய சர்க்யூட்டுகள் மிகச் சிலவே, பயனுள்ளது எதையும் அவற்றால் செய்ய முடியாது என்று நிரூபித்தார். ஒரே ஒரு அனுமானம் தேவைப்படுகிறது. ஒரு கம்பி இரண்டாகக் கிளை பிரிகிறது. ஒரு கிளையின் முனையிலிருந்துதான் ஒப்புதல் வருகிறது. மற்றக் கிளையிலும் செய்தி கிட்டத்தட்ட அதே நேரத்தில் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கைக்குத்தான் சமகாலக் கிளை என்று பெயர். பிசகாத வடிவமைப்பாளனுக்கு அடையாளம், இப்படிப்பட்ட கிளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் வைத்திருப்பது, அவற்றைக் குட்டையாக, ஒரே இடத்துக்குள் வைத்திருப்பது. அனுமானமே இல்லை என்று மார்தட்டுபவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

ஒப்புதல் தப்பான இடத்திலிருந்து வந்தால் என்ன ஆகும்? 2023 ஜூன் 2ஆம் தேதி மாலை, ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பஹனாகா பஜார் ஸ்டேஷன். ஹவுரா பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போகலாம் என்று பச்சை சிக்னல். ஆனால் ரயிலைப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட் திரும்பியிருந்தது லூப் லைன் பக்கம். அங்கே சரக்கு ரயில் நின்றிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது பழைய ரிலே யுகமும் அல்ல, மின்னணு இன்டர்லாக்கிங் இருந்த ஸ்டேஷன். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, முன்பு எப்போதோ செய்த சர்க்யூட் மாற்றத்தில் இருந்த குறையையும், அங்குள்ள ரயில்வே கேட்டின் தடுப்பை மாற்றும் வேலையில் நடந்த குறையையும் காரணமாகச் சொன்னது. உள்ளே இருந்த லாஜிக் தனக்கு வந்த தகவலை வைத்துச் சரியாகத்தான் கணக்குப் போட்டது. பாயிண்ட் நேராக இருக்கிறது என்ற தகவல் மட்டும் உண்மையான பாயிண்ட்டைப் பிரதிபலிக்கவில்லை. செம்மங்குப்பத்தில் ‘ஆயிற்று’ என்பதற்குக் கம்பியே இருக்கவில்லை. பஹனாகாவில் கம்பி இருந்தது, சொன்னது பொய். ஆகவே ‘ஒப்புதல் கம்பி இருக்கிறதா’ என்று கேட்டால் மட்டும் போதாது. ‘அது எதன் மேல் கட்டியிருக்கிறது’ என்றும் கேட்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, காலத்தை நம்பவே கூடாதா என்று கேட்பீர்கள். நம்பலாம், ஒரு நிபந்தனையோடு. ஸ்டேஷனில் ரயிலுக்குச் சிக்னல் கொடுத்துவிட்டு, ரயில் நெருங்கிவிட்ட பிறகு அதைத் திரும்ப சிவப்பாக்கினால், பாதை உடனே விடுபடாது. பொதுவாக 120 விநாடி பூட்டியே இருக்கும். அதற்குள் டிரைவர் ஒன்று நின்றிருப்பார், அல்லது தாண்டியிருப்பார். இது காலத்தை வைத்துச் செய்த ஊகம்தான். ஆனால் ஊகம் பிசகினாலும் ஆபத்து வராத அளவுக்குத் தாராளமானது. சிப் உலகில் இதற்கு இணையானது கட்டுத் தரவு முறை. தரவுக்கு ஒற்றைக் கம்பியே போதும், பக்கத்திலேயே வேண்டுமென்றே தாமதமாக்கிய ஒரு கோரிக்கைக் கம்பி ஓடும். தரவைவிட அது பிந்தித்தான் சேர வேண்டும். ஐவன் சதர்லேண்ட் 1988க்கான டூரிங் விருது உரையில் முன்வைத்த மைக்ரோபைப்லைன் இந்த வகை. இதில் பரப்பு மிச்சம், மின்சாரமும் மிச்சம். தாமதக் கம்பியும் தரவுக் கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், சூடு ஏறினால் இரண்டும் சேர்ந்தே தளரும். ஊர் முழுவதற்கும் ஒரே கிளாக்கை நம்புவதைவிட, தெருவுக்குள் ஒரு தாமதத்தை நம்புவது மேல்.

இன்னொரு முடிச்சு. எதிரெதிர் ஸ்டேஷன்கள் இரண்டும் ஒரே கணத்தில் ‘எனக்குப் பாதை கொடு’ என்று கேட்டால்? ரயில்வேயில் செக்ஷன் கன்ட்ரோலர் ஒருவர் முடிவு சொல்லிவிடுவார். சிப்புக்குள் அந்த வேலைக்கு ஆர்பிட்டர் என்ற நடுவர். கிட்டத்தட்ட ஒரே கணத்தில் இரண்டு கோரிக்கை வந்தால், எந்த நடுவரும் சில சமயம் முடிவெடுக்காமல் ஊசலாடுவார், எவ்வளவு நேரம் என்று மேல்வரம்பு சொல்ல முடியாது. 1973ல் சேனி, மோல்னார் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து காட்டியபோது பலர் நம்பவே இல்லை. கிளாக் உள்ள சர்க்யூட்டில் ஊசலாட்டம் முடிவதற்குள் துடிப்பு வந்துவிட்டால், அரைகுறை விடை உள்ளே போய்விடும். கிளாக் இல்லாத சர்க்யூட்டில் நடுவர் ஒரு தீர்மானத்துக்கு வந்த பிறகே ஒப்புதல் எழும்படி வைத்துக்கொள்ளலாம். தாமதம் ஆகலாம், இருவருக்கும் சேர்த்துப் பாதை கொடுத்துவிடக் கூடாது.

‘இவ்வளவு நல்லதென்றால் எல்லா சிப்பும் ஏன் இப்படி வரவில்லை?’ நியாயமான கேள்வி. இரட்டைக் கம்பி என்றால் இடம் ஏறக்குறைய இரட்டிப்பு. வடிவமைப்பு மென்பொருள்கள் எல்லாம் கிளாக்கை நம்பி வளர்ந்தவை. சோதிப்பது கடினம், ஏனென்றால் நினைத்த இடத்தில் கிளாக்கை நிறுத்தி உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. கதிர்வீச்சு மாதிரி வெளியிலிருந்து வரும் தப்பான துடிப்பையும் அது செய்தியாகவே எடுத்துக்கொள்ளும், அதற்குத் தனிக் காப்பு வேண்டும். ஏதாவது ஒரு ஒப்புதல் வராமல் போனால் சங்கிலித் தொடராக எல்லாம் நின்றுபோகும். டோக்கன் பந்து தொலைந்த அன்று செக்ஷன் முழுவதும் ரயில் நின்று, பயணிகள் ஸ்டேஷன் மாஸ்டரைச் சூழ்ந்துகொள்வது மாதிரி. ஆனால் நிற்பதும் தவறுவதும் ஒன்றில்லை. நின்ற சர்க்யூட் எங்கே நின்றது என்று தேடிக் கண்டுபிடிக்கலாம்.

அதனால் இந்த முறை தேவைப்பட்ட இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 1989ல் மார்ட்டின் குழு கால்டெக்கில் செய்தது கிளாக் இல்லாத முதல் மைக்ரோபிராசசர். திரவ நைட்ரஜனில் குளிர வைத்தபோது அது தானாகவே வேகம் கூடியது, மின்னழுத்தத்தைக் குறைத்தபோது தானாகவே நிதானப்பட்டது. யாரும் எதையும் திருகவில்லை. ஆர்ம் பிராசசரை முதலில் வடிவமைத்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஃபர்பர், அதே ஆர்மைக் கிளாக் இல்லாமல் மான்செஸ்டரில் மறுபடி செய்தார், 1994ல் அம்யூலெட் வந்தது. 2014ல் ஐ.பி.எம். வெளியிட்ட ட்ரூநார்த்தில் 540 கோடி டிரான்சிஸ்டர், கிளாக் உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் கலந்தது, வழக்கமான வேலையில் 70 மில்லிவாட் அளவுதான் செலவு. இன்டெலின் லோய்ஹி 2017ல் வந்தது, அதுவும் இந்த வழிதான். இன்றைய பெரிய சிப்புகளிலும் ஒரே கிளாக் மூலைமுடுக்கெல்லாம் எட்டுவதில்லை. தீவு தீவாகத் தனித்தனிக் கிளாக் வைத்து, தீவுகளுக்கு நடுவே கைகுலுக்கலோடு தரவைக் கடத்துகிறார்கள். ஆகவே ‘எனக்கு இது பரீட்சைக்கு மட்டும்’ என்று நினைக்கும் மாணவர், வேலைக்குப் போன முதல் ஆண்டிலேயே ஒரு தீவின் கரையில் போய் நிற்பார்.

ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. செம்மங்குப்பத்துக்குப் பிறகு, ஒரு கேட்டை இன்டர்லாக் செய்வதற்கான போக்குவரத்து அளவை, ரயில்வே அமைச்சர் 20,000 டி.வி.யு.விலிருந்து 10,000 ஆகக் குறைக்க உத்தரவிட்டார். கேட் வழியாக ஓடும் ரயில், வண்டி எண்ணிக்கைகளைப் பெருக்கிவரும் அலகு அது. உங்கள் ஊர் கேட் இன்டர்லாக் ஆனதா என்று மனுப் போட்டுக் கேட்பது உங்கள் உரிமை. கேட்கும்போது ‘கேட் கீப்பர் ஒழுங்காக இருக்கிறாரா’ என்று மட்டும் கேட்காதீர்கள். அசதி யாருக்கும் வரும். அவர் அசந்தாலும் சிக்னல் விழாதபடி இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்து முடிக்கிறேன். சி-எலிமென்ட் செய்ய விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். இரண்டு உள்ளீட்டு நாண்ட் கேட் மூன்று, மூன்று உள்ளீட்டு நாண்ட் கேட் ஒன்று, லேபில் கிடக்கும் 7400, 7410 போதும். உள்ளீடுகள் இரண்டு, வெளியீட்டைத் திருப்பிக் கொண்டுவந்த கம்பி ஒன்று. இந்த மூன்றில் இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று நாண்டில் கொடுங்கள், மூன்றின் விடையையும் நான்காவதில் கொடுங்கள். அப்படி மூன்று நான்கு செய்து வரிசையாகக் கோத்து, கைகுலுக்கலோடு ஒரு பிட்டை ஓட விடுங்கள். ஓடுகிறது என்று கைதட்ட வேண்டாம், ஓடுவது பெரிய விஷயமில்லை. ஒரு ஒப்புதல் கம்பியைக் கழற்றி கிரவுண்டில் சொருகுங்கள். ஓரிரு அடிக்குள் எல்லாம் நின்றுவிட்டால் உங்கள் சர்க்யூட் பாஸ். அதையும் மீறி ஓடிக்கொண்டே இருந்தால், எங்கோ யாரோ பார்க்காமலே ‘ஆயிற்று’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது எந்தக் கம்பி என்று கண்டுபிடிக்காமல் லேபைப் பூட்டாதீர்கள்.